லடாக் பயணம்: பணத்தோடு நாள்களையும் சேமிப்போம்

இந்தியாவின் வடகோடியில், இமயமலைத் தொடருக்கும் காரகோரம் தொடருக்கும் இடையே விரிந்து கிடக்கும் குளிர்ப் பாலைநிலம் லடாக். 2019 அக்டோபர் 31 முதல் தனி ஒன்றியப் பகுதியாக விளங்கும் இந்நிலத்தின் தலைநகரங்களுள் ஒன்றான லே நகரில், ஓர் ஆண்டு முழுவதும் பொழியும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டர் அளவுதான். சென்னையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் காலத்தில் ஒரே நாளில் அதைவிட மிகுதியாகப் பெய்துவிடுவதுண்டு. மரம் செடி அற்ற மலைகளும், நீல ஏரிகளும், சிந்து நதியும், குன்றின் மேல் அமைந்த பௌத்த மடாலயங்களும் நம் வாடிக்கையாளர்கள் பலரை அங்கே அழைத்துக்கொண்டிருக்கின்றன.

சுற்றுலாவிற்குத் திட்டமிடும்போது, "எவ்வளவு செலவாகும்?" என்பதையே நாம் முதலில் கேட்கிறோம். லடாக்கைப் பொறுத்தவரை முதற்கேள்வி வேறு: "எத்தனை நாள்கள் ஒதுக்க முடியும்?" கடல் மட்டத்தையொட்டி வாழும் நமது உடல் அவ்வுயரத்திற்குப் பழகுவதற்கு நாள்கள் வேண்டும். அந்நாள்களைக் குறைத்துச் செலவை மிச்சப்படுத்துவோர் உடல்நலத்தையும், சில வேளைகளில் உயிரையுமே பணயம் வைக்கின்றனர். எனவே லடாக் பயணத்திற்கான நிதித் திட்டம் நாள்களைக் கணக்கிடுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

உயரம் செய்யும் வேலை

லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. நுப்ரா பள்ளத்தாக்கிற்குச் செல்லும் வழியிலுள்ள கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே அழுத்தம் ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. காற்றில் உயிர்வளியின் விழுக்காடு எங்கும் ஒன்றே. ஆனால் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளியின் அளவு குறைகிறது.

இதற்கு ஈடுகட்ட உடல் முதலில் மூச்சின் வேகத்தையும் இதயத் துடிப்பையும் கூட்டுகிறது. மாறிய மூச்சுக்கு ஏற்ப இரத்தத்தின் காரத்தன்மையைச் சிறுநீரகங்கள் சீர்செய்ய ஓரிரு நாள்கள் தேவைப்படுகின்றன. இதற்குள் அவசரப்பட்டு மேலே ஏறினால் தலைவலி, குமட்டல், பசியின்மை, களைப்பு, உறக்கமின்மை ஆகியவை தோன்றும். இதுவே மலைநோய். இதனைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறுவோருக்கு நுரையீரலில் நீர் கோப்பதும், மூளையில் வீக்கம் ஏற்படுவதும் நேரலாம். இவ்விரண்டும் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடியவை.

இவ்வறிவில் பெரும்பகுதி நம் நாட்டு வீரர்களின் துன்பத்திலிருந்து கிடைத்தது. 1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரின்போது சமவெளியிலிருந்து மலை உச்சிகளுக்கு விரைந்து அனுப்பப்பட்ட படைவீரர்கள் பலர் இந்நோய்க்கு ஆளாயினர். இராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவருடைய குழுவினரும் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி 1969இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை உலக மருத்துவர்களால் இன்றும் எடுத்தாளப்படுகிறது.

இந்திய இராணுவம் இன்று பின்பற்றும் முறை நமக்குப் பாடமாகும். 2,700 முதல் 3,600 மீட்டர் வரையிலான உயரத்திற்குச் செல்லும் வீரருக்கு ஆறு நாள்கள் பழகுகாலம் அளிக்கப்படுகிறது. அதில் முதல் இரு நாள்கள் ஓய்வு. அதற்கு மேல் 4,500 மீட்டர் வரை நான்கு நாள்கள்; அதையும் தாண்டினால் மேலும் நான்கு நாள்கள். பயிற்சி பெற்ற இளம் வீரருக்கே இத்தனை நாள்கள் எனில், அலுவலக நாற்காலியிலிருந்து எழுந்து விமானத்தில் சில மணி நேரத்தில் லே சென்றிறங்கும் நமக்கு ஒரே நாள் போதும் என எண்ணுவதில் பொருளில்லை. உடற்பயிற்சி செய்பவர் என்பதாலோ இளைஞர் என்பதாலோ மலைநோய் விலகிச் செல்வதில்லை.

சுற்றுலாச் செல்வோர்க்கு மருத்துவர்கள் கூறும் பொதுவிதி எளியது. 3,000 மீட்டருக்கு மேல், இன்று உறங்கும் இடம் நேற்று உறங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்ததாக இருத்தல் கூடாது. மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வு தேவை. பகலில் உயர்ந்த கணவாயைக் கடந்து செல்வதைவிட, இரவில் உயரத்தில் உறங்குவதே உடலை மிகுதியாகச் சோதிக்கிறது.

பத்து நாள்களின் அமைப்பு

விமானத்தில் செல்லும் ஒரு குடும்பத்திற்குப் பத்து நாள்கள் கொண்ட திட்டத்தை இங்கே பரிந்துரைக்கிறோம்.

முதல் நாள்: லே வந்திறங்கி முழு ஓய்வு. மாடிப்படி ஏறுவதைக்கூடக் குறைத்துக்கொள்வது நலம். மதுவும் உறக்க மாத்திரையும் அறவே கூடாது.

இரண்டாம் நாள்: மாலையில் கடைவீதியில் மெதுவாக நடக்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஒன்பது அடுக்கு லே அரண்மனையைக் கீழிருந்தே கண்டு மகிழலாம். ஏறிப் பார்ப்பதைக் கடைசி நாள்களுக்கு ஒத்திவைப்போம்.

மூன்றாம் நாள்: சிந்துவும் சன்ஸ்காரும் கலக்கும் நிம்மு, பழமையான சுவரோவியங்களைக் கொண்ட ஆல்சி ஆகிய இடங்களுக்குச் சென்று வரலாம். இவை லே நகரைவிடத் தாழ்ந்த இடங்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

நான்காம், ஐந்தாம் நாள்கள்: கார்துங் லா வழியாக நுப்ரா பள்ளத்தாக்கு. கணவாயில் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் தங்க வேண்டா. நுப்ராவிலுள்ள திஸ்கித், ஹுந்தர் ஆகிய ஊர்கள் 3,100 மீட்டரை ஒட்டியே உள்ளன. ஆகவே இரவு உறக்கம் எளிதாக அமையும். மணல்மேடுகளையும் இரட்டைத் திமில் ஒட்டகங்களையும் இங்கே காணலாம்.

ஆறாம் நாள்: லே திரும்புதல்.

ஏழாம், எட்டாம் நாள்கள்: பாங்காங் ஏரி. இது 4,200 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. லேயிலிருந்து இங்கே உறங்கச் செல்வது மேற்சொன்ன 500 மீட்டர் விதியைத் தாண்டுவதாகும். அதனால்தான் இதனைப் பயணத்தின் இறுதிப் பகுதியில் வைத்துள்ளோம். அதுவரை சிறு தலைவலியேனும் இருந்தவர்களும், முதியோரும், சிறு குழந்தைகளுடன் செல்வோரும் ஏரிக்கரையில் இரவு தங்காமல் அன்றே லே திரும்பிவிடலாம். பயணம் நீண்டதாயினும் அதுவே பாதுகாப்பானது.

ஒன்பதாம் நாள்: இருப்பு நாள். எந்த நிகழ்ச்சியும் குறிக்காமல் இதனைக் காலியாக விட வேண்டும். சாலை அடைபட்டாலோ, ஒருவருக்கு உடல்நலம் குன்றினாலோ இந்நாள் கைகொடுக்கும். எதுவும் நேராவிட்டால் திக்சே, ஹெமிஸ் மடாலயங்களுக்குச் சென்று வரலாம்.

பத்தாம் நாள்: ஊர் திரும்புதல்.

ஆறே நாள்களில் இவை அனைத்தையும் காட்டுவதாகக் கூறும் விளம்பரங்களைக் காணும்போது, அதில் எந்த நாள்கள் வெட்டப்பட்டுள்ளன என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் முதல் இரு ஓய்வு நாள்களும் இருப்பு நாளுமே மறைந்திருக்கும்.

எந்த மாதம், எந்த வழி

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலமே பெரும்பாலோர்க்கு ஏற்றது. நம் மாநிலப் பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிந்துவிடுகிறது. அப்போது மணாலி வழிச் சாலையின் பனி பல ஆண்டுகளில் முழுமையாக அகற்றப்பட்டிருக்காது. எனவே பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் மே இறுதியில் விமானத்தில் செல்லலாம். அல்லது காலாண்டுத் தேர்வு விடுமுறையைக் கருதலாம். செப்டம்பர் இறுதியில் வானம் தெளிந்திருக்கும். இரவுக் குளிர் கூடுதலாக இருக்கும்.

சாலை வழியே செல்ல விரும்புவோர்க்கு ஸ்ரீநகர் வழியே உகந்தது. ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர், இடையில் தங்கும் கார்கில் ஏறத்தாழ 2,700 மீட்டர், பின்னர் லே. உயரம் படிப்படியாகக் கூடுவதால் உடல் பழகிக்கொண்டே வருகிறது. மணாலி வழியில் 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை தூரத்தை 46 கிலோமீட்டர் குறைத்துள்ளது. ஆயினும் அவ்வழியில் இரவு தங்கும் சார்ச்சு 4,200 மீட்டருக்கு மேல் உள்ளது. மணாலியிலிருந்து புறப்பட்ட அன்றே அங்கு உறங்குவது பலரை நோயில் தள்ளுகிறது. கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு இரவுகள் தங்கிச் செல்வது நல்லது.

விமானப் பயணத்திலும் தடைகள் உண்டு. லே விமான நிலையத்தில் பிற்பகல் காற்றின் காரணமாகப் பெரும்பாலான விமானங்கள் முற்பகலிலேயே இயங்குகின்றன. 2024 ஜூலை இறுதியில் வழக்கத்தை மீறிய வெப்பத்தால் பல விமானங்கள் இரத்து செய்யப்பட்டன. ஏற்கெனவே மெல்லிய காற்று வெப்பத்தால் மேலும் மெலிந்து விமானம் எழும்புவதற்கு இடையூறானதே காரணம். 2010 ஆகஸ்டில் பெய்த பெருமழை ஒரே இரவில் லே பகுதியில் 200க்கும் மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்து சாலைகளையும் துண்டித்தது. இருப்பு நாள் ஏன் தேவை என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை. ஊர் திரும்பிய மறுநாளே தவிர்க்க முடியாத அலுவல் எதனையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

கடனா, சேமிப்பா?

நாள்கள் முடிவான பின்னரே தொகையைக் கணக்கிட வேண்டும். நால்வர் கொண்ட குடும்பத்தின் பயணத்திற்கு 3,00,000 ரூபாய் தேவை என எடுத்துக்காட்டிற்காகக் கொள்வோம். அதனை ஆண்டிற்கு 12 விழுக்காடு வட்டியில் தனிநபர் கடனாகப் பெற்று 24 மாதங்களில் செலுத்தினால், மாதத் தவணை ஏறத்தாழ 14,120 ரூபாய். இரண்டாண்டுகளில் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ 38,900 ரூபாய்.

இதற்கு மாறாக, மாதம் 24,000 ரூபாய் வீதம் 12 மாதத் தொடர் வைப்பில் செலுத்தினால், நாம் இடும் தொகை 2,88,000 ரூபாய். வட்டி 6.5 விழுக்காடு எனக் கொண்டால் ஏறத்தாழ 10,000 ரூபாய் நமக்குக் கிட்டும். கடனுக்குக் கொடுக்கும் வட்டியையும் சேமிப்பில் பெறும் வட்டியையும் சேர்த்தால் இடைவெளி ஏறத்தாழ 49,000 ரூபாய். ஓய்வு நாள்களுக்கும் இருப்பு நாளுக்கும் ஆகும் தங்குமிட, உணவுச் செலவை இத்தொகையே தாங்கிவிடும். மாதம் 24,000 ரூபாய் கடினம் எனில், மாதம் 16,000 ரூபாய் வீதம் 18 மாதங்கள் சேமித்து, பயணத்தை அடுத்த பருவத்திற்குத் தள்ளிவைக்கலாம். மலைகள் காத்திருக்கும்.

தொடர் வைப்பு முதிர்வடையும் மாதம் குறித்தும் கவனம் தேவை. ஆகஸ்டில் புறப்படுவோர்க்குப் பணம் தேவைப்படுவது ஆகஸ்டில் அன்று. பயணச்சீட்டும் விடுதியும் பதிவு செய்யும் ஏப்ரல், மே மாதங்களிலேயே. அதற்கு முன் முதிர்வடையுமாறு வைப்பைத் தொடங்க வேண்டும்.

மொத்தத் தொகையில் 15 விழுக்காட்டை, அதாவது இவ்வெடுத்துக்காட்டில் 45,000 ரூபாயை, எதற்கும் ஒதுக்காமல் தனியே வைத்திருப்போம். கூடுதல் இரவுத் தங்கல், மாற்று விமானச் சீட்டு, மருத்துவச் செலவு ஆகியவற்றிற்கு இது பயன்படும். செலவாகாமல் திரும்பினால் அதுவே அடுத்த பயணத்தின் முதல் தவணை.

லே நகரில் வாடகைக் கார்களுக்கான கட்டணப் பட்டியலை ஓட்டுநர் சங்கம் வெளியிடுகிறது. அதனை முன்னதாகவே பார்த்துக்கொண்டால், செலவில் பெரும்பங்கான போக்குவரத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். பணியாளர்களுக்கு அலுவலகம் வழங்கும் விடுப்புப் பயணச் சலுகைக்கான வரிவிலக்கு, பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தோர்க்கே உண்டு. அதுவும் பயணக் கட்டணத்திற்கு மட்டுமே, விடுதிக்கும் உணவிற்கும் அன்று. எனவே சீட்டுகளையும் இரசீதுகளையும் பத்திரப்படுத்துவோம்.

கைபேசியும் கைப்பணமும்

பிற மாநிலங்களில் பெற்ற பிரீபெய்டு சிம் அட்டைகள் லடாக்கில் இயங்குவதில்லை. போஸ்ட்பெய்டு இணைப்புகளே இயங்கும். வங்கி வாடிக்கையாளர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. நம் கணக்கில் பதிவான எண் பிரீபெய்டு எனில், லேயில் இறங்கியவுடன் அந்த எண்ணுக்கு ஓடிபி வராது. இணையவழிப் பணப் பரிமாற்றமும் தடைப்படும். விடுதியின் வைஃபை இணைப்பு குறுஞ்செய்திக்கு மாற்றாகாது. ஆகவே புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன்பே, எண்ணை மாற்றாமல் அதே எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிக்கொள்வது நல்லது. குடும்பத்தில் இருவரிடமேனும் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்புகள் இருத்தல் சிறப்பு.

லே, கார்கில் நகரங்களில் ஏடிஎம் வசதி உண்டு. கோடைக்காலக் கூட்டத்தில் அங்கும் பணம் தீர்ந்துபோகலாம். ஏரிக்கரைகளிலும் உள்ளூர்க் கிராமங்களிலும் வலைத்தொடர்பை நம்பி யுபிஐ வழியே செலுத்தலாம் என எண்ணிச் செல்லக் கூடாது. லே நகரைவிட்டுப் புறப்படும் முன், அப்பகுதிச் செலவு முழுவதையும் ரொக்கமாக, பாதிக்கு மேல் 100, 200 ரூபாய்த் தாள்களாக எடுத்துக்கொள்வோம். அதனை ஒரே பையில் வைக்காமல் இருவரிடம் பிரித்து வைப்பது பாதுகாப்பு. பற்று அட்டையின் நாளாந்த வரம்பையும் புறப்படும் முன் சரிபார்த்துக்கொள்வோம்.

நுப்ரா, பாங்காங், ஹான்லே போன்ற எல்லையோரப் பகுதிகளுக்குரிய பதிவு, கட்டண விதிகள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. பயணத்திற்கு முந்திய வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்தில் நடப்பு விதியைப் பார்த்து, அடையாள ஆவணத்தின் நகல்கள் சிலவற்றைக் கையில் வைத்திருப்போம்.

காப்பீடும் உடல்நலமும்

பயணக் காப்பீடு பெறும்போது மூன்று வினாக்களை எழுத்து மூலமாகவே கேட்க வேண்டும். எத்தனை மீட்டர் உயரம் வரை பாதுகாப்பு உண்டு? மலைநோய்க்கான சிகிச்சையும், தாழ்வான இடத்திற்கு அவசரமாக மாற்றும் செலவும் அடங்குமா? ஏற்கெனவே உள்ள நோய்கள் விலக்கப்பட்டுள்ளனவா? மலையேற்றமோ மோட்டார் சைக்கிள் பயணமோ செல்வோர், அவை சாகச விளையாட்டு எனக் கருதி விலக்கப்பட்டுள்ளனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

இதய நோய், நுரையீரல் நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், இரத்தசோகை உள்ளோரும் கருவுற்றோரும் மருத்துவரைக் கலந்த பின்னரே சீட்டு எடுக்க வேண்டும். மலைநோயைத் தடுக்க வழங்கப்படும் அசெட்டசோலமைடு மாத்திரையை நண்பர் கூறினார் என்று உட்கொள்ளக் கூடாது. சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்கள் அதனை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இன்சுலின் பயன்படுத்துவோர் அது உறைந்துவிடாமல் உடலை ஒட்டிய உட்பையில் வைத்திருப்பது அவசியம்.

கோடையிலும் பாங்காங் கரையில் இரவு வெப்பநிலை உறைநிலையை நெருங்கும். ஒரே தடித்த கம்பளிச் சட்டையைவிட, வியர்வையை வெளியேற்றும் உள்ளாடை, கம்பளி நடுவாடை, காற்றைத் தடுக்கும் மேலாடை என மூன்று அடுக்குகள் பயனுள்ளவை. நனைந்தால் எளிதில் உலராத பருத்தியை உள்ளாடையாக அணிய வேண்டா. வெயிலில் புற ஊதாக் கதிர்கள் கடுமையாக இருப்பதால் கருப்புக் கண்ணாடியும் தொப்பியும் தேவை.

நோய்க்குறி தோன்றினால் செய்ய வேண்டியது ஒன்றே: மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். ஓய்விற்குப் பின்னும் தலைவலி கூடினால் கீழே இறங்க வேண்டும். அமர்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, இடையறாத இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், இரவு என்றும் பாராமல் உடனே கீழிறங்கி மருத்துவமனையை அடைய வேண்டும். லே நகரில் சோனம் நோர்பு நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. விடுதிக்கு முன்பணம் கட்டிவிட்டோம் என்பதற்காக ஏரிக்கரையில் தங்கிவிடுவதைப் போன்ற பெரும் பிழை வேறில்லை. இழக்கும் தொகைக்காகவே அந்த 15 விழுக்காட்டை ஒதுக்கி வைத்துள்ளோம்.

நாம் அங்கே விருந்தினர்

மழை குறைந்த அந்நிலத்தில் வேளாண்மையும் குடிநீரும் பெரும்பாலும் பனி உருகி வரும் நீரையே நம்பியுள்ளன. ஆகவே வாளி நீரைக் கணக்காகச் செலவிடுவதும், நெகிழிக் குப்பைகளை நாமே திரும்பக் கொண்டு வருவதும் நம் கடமை. 2024ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளுள் 477 லடாக்கில் வாழ்கின்றன. சாலையோர மர்மோட்டுகளுக்கு ரொட்டி ஊட்டுவதும், புல்வெளியில் வண்டியை ஓட்டுவதும் இவ்வுயிர்களின் வாழ்வைக் கெடுக்கும். இயன்றவர்கள் ஓரிரு இரவுகள் கிராம வீடுகளில் விருந்தினராகத் தங்கினால், நாம் செலவிடும் பணம் அவ்வூரார் கையையே சேரும்.

நிறைவாக, திட்டத்தின் வரிசையை நினைவில் கொள்வோம். ஓராண்டிற்கு முன் நாள்களைக் குறித்துத் தொடர் வைப்பைத் தொடங்குவோம். நான்கு மாதங்களுக்கு முன் மருத்துவரைக் கண்டபின் சீட்டுகளைப் பதிவு செய்வோம். ஒரு மாதத்திற்கு முன் காப்பீடு பெறுவோம். இரு வாரங்களுக்கு முன் கைபேசி இணைப்பை மாற்றுவோம். ஒரு வாரத்திற்கு முன் அனுமதி விதிகளையும் வானிலையையும் சரிபார்ப்போம். இடையில் செலவைக் குறைக்க நேர்ந்தால், விடுதியின் தரத்தைக் குறைக்கலாம்; காணும் இடங்களில் ஒன்றைக் கைவிடலாம். முதல் இரு ஓய்வு நாள்களையும் அந்த ஓர் இருப்பு நாளையும் மட்டும் தொட வேண்டா.